திரை சொன்ன பொய்



சிவகாசியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பகலில் அச்சகங்களுக்குக் காலண்டர் வடிவமைத்துக் கொடுப்பவன். இரவில் அதே கணிப்பொறியில் டெக்கன் 8 என்னும் விளையாட்டை ஆடுபவன். சில மாதங்களாக விளையாட்டு தொடங்கும்போதே நின்றுவிடுகிறதாம். வீடியோ நினைவகம் போதவில்லை என்று திரையில் ஒரு வரி வருகிறதாம். கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று கடைக்காரர் சொல்ல, சேமிப்பை எடுத்துப் புதிய கார்டு வாங்கினார்கள். புதிய கார்டிலும் அதே வரி! "இரவெல்லாம் ஆடிப் பொறியைக் கெடுத்தாய் என்று அவன் அத்தா தினமும் ஏசுகிறார். ஆடிப் பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும். நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார்.

சகோதரியே, மகன் பக்கம் பேசுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. கணிப்பொறியின் மூளையாகிய பிராசசர், இன்டெல் கோர் ஐ9, 13ஆம் தலைமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஜிப் கோப்புகள் மகனுடைய பொறியில் மட்டும் "கெட்டுவிட்டது" என்று வருவதாகவும், பக்கத்துப் பொறியில் ஒழுங்காகத் திறப்பதாகவும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் பட்டது.

இக்கால விளையாட்டுகளின் படங்களும் ஒளி, நிழலுக்கான கட்டளைகளும் இறுக்கிச் சுருக்கிய மூட்டைகளாகவே வட்டில் கிடக்கின்றன. விளையாட்டு தொடங்கும்போது மூட்டையைப் பிரிப்பது பிராசசரின் வேலை. பிரிக்கும்போது சரிபார்ப்பும் நடக்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் அகப்பட்டுவிடும். பிரிக்க முடியாமல் திணறும் விளையாட்டு, காரணம் அறியாமல் வீடியோ நினைவகத்தின் மீது பழியைப் போடுகிறது. ஜிப் கோப்பைத் திறப்பதும் இதே வேலைதான். விளையாட்டுக்கும் காலண்டருக்கும் ஒரே நோய் வந்தது இப்படித்தான். கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா நிறுவனமே 2024 ஏப்ரலில், 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர் வைத்திருப்போர் இத்தகைய கோளாறுக்கு இன்டெல் தரப்பை அணுகுமாறு கைகாட்டிவிட்டது.

இன்டெல் நிறுவனம் 2024 ஜூலையில் காரணத்தை ஒப்புக்கொண்டது. பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோட் என்னும் கட்டளைத் தொகுப்பு, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நொடிக்கு 500 கோடி முறைக்கு மேல் தாளம் தட்டும் ஒரு சுற்று உண்டு. மிகையான மின்னழுத்தத்தால் அந்தச் சுற்று காலத்துக்கு முன்பே மூப்படைந்து, தாளம் பிசகுகிறது. சில மதர்போர்டு நிறுவனங்கள் வேகத்துக்கு ஆசைப்பட்டு வரம்பைத் தளர்த்தி வைத்ததும் சேர்ந்துகொண்டது. இதில் அத்தா அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு: பொறி சும்மா கிடக்கும்போதும், இலேசான வேலை செய்யும்போதும்கூட இந்த மிகை மின்னழுத்தம் பாய்ந்தது என்று இன்டெல்லே 2024 செப்டம்பரில் கூறியிருக்கிறது. ஆகவே விளையாட்டின் மீது குற்றம் சுமத்துவதற்கில்லை. (இரவு விழிப்பு வேறு வழக்கு, அதில் நான் அத்தாவின் கட்சி!)

ஆனால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். நம் மாவட்டத்தின் வறண்ட வெயில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாழ்வு கொடுத்தது. கணிப்பொறிக்கு அது உகந்ததன்று. குளிரூட்டும் விசிறியில் தூசி அடைத்திருந்தாலும், மின்சாரம் ஏறி இறங்கினாலும், ராம் பழுதாக இருந்தாலும் பொறி நிற்கும். இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு பயாஸ் அமைப்பில் பெர்ஃபாமென்ஸ் கோர் பெருக்கெண்ணை 55இலிருந்து 53ஆகக் குறைத்து ஓட்டிப் பார்க்கட்டும். வேகம் சற்றுக் குறையும். விளையாட்டும் ஜிப் கோப்பும் அப்போது ஒழுங்காகத் திறந்தால், குற்றவாளி பிராசசர் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

இதற்கான திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 2025 மே மாதத்திலும் பயாஸ் வழியாக வந்தன. அவை நல்ல பிராசசரைக் கெடாமல் காக்கும், கெட்டதைக் குணப்படுத்தா. மூப்படைந்த சுற்று மீண்டும் இளமை பெறுவதில்லை. கெட்டதை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காகவே, பெட்டியில் வந்த பிராசசர்களுக்கு இருந்த 3 ஆண்டு உத்தரவாதத்தை இன்டெல் 2024இல் 5 ஆண்டாக நீட்டியது. ஐ7, ஐ9 வகைகளில் 13700, 13900, 14700, 14900 எண் கொண்டவையும், ஐ5 வகையில் 13600கே, 14600கே ஆகியவையும் இதில் அடங்கும். 2022 இறுதியில் வாங்கியவருக்கு 2027 இறுதியில் தவணை முடிகிறது.

இங்குதான் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் பாகங்களாகச் சேர்த்துக் கட்டி வாங்கும்போது, "பில் போடாவிட்டால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்பார் கடைக்காரர். பிராசசர் வந்த பெட்டியைக் குப்பை என்று கடையிலேயே விட்டுவிட்டு வருவோம். உத்தரவாதம் கேட்கப் போகும்போது அந்தத் துண்டுச் சீட்டும், பெட்டியில் அச்சிட்ட எண்ணுமே பேசும். பில் தொலைந்திருந்தால் கடைக்காரரிடம் நகல் கேளுங்கள். ரசீது போட்டிருந்தால் கணக்கில் இல்லாமல் போகாது. பழைய பொறி வாங்குவோர் இந்த எண்களைப் பார்த்தால், எந்தத் தேதியில் வாங்கியது, பயாஸ் புதுப்பித்தார்களா என்று கேட்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

1994இலும் இப்படி நடந்தது. பென்டியம் பிராசசர் வகுத்தலில் பிழை செய்வதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டறிந்தார். முதலில் தயங்கிய இன்டெல், அவ்வாண்டு டிசம்பரில் கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தர இசைந்தது. செலவு 47.5 கோடி டாலர். கேட்டவர்க்கே கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

சகோதரியே, ஆல்பம் வேலையை மாற்றுப் பிராசசர் வரும்வரை பக்கத்துப் பொறியில் செய்யட்டும். இந்தப் பொறியில் சேமித்த கோப்புகளையும் அங்கே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளட்டும். பழைய கிராஃபிக்ஸ் கார்டை விற்றுவிடவில்லையே? அதில் குற்றம் ஒன்றும் இருந்திருக்காது.