நூலகத்தைக் காட்டுதல் நூலகக் கல்வி ஆகுமா?

பல்கலைக்கழகம் புகும் புதுமுக மாணவர்க்கு நிகழ்த்தப்பெறும் சடங்குகளுள் நூலக அறிமுகமும் ஒன்றாகிவிட்டது. பெருங்கூட்டமாக மாணவர் அழைத்துச் செல்லப்படுகின்றனர். “இது இரவல் பகுதி, இது உசாத்துணைப் பகுதி, இங்கு உரத்துப் பேசலாகாது” என்ற அளவில் அறிமுகம் முற்றுப்பெறுகின்றது. வந்தோர் தொகை அறிக்கையில் ஏறுகின்றது. தலைகளை எண்ணிவிட்டு அதனைக் கல்வி என்று அழைப்பது சொல்லின் பொருளையே சிதைப்பதாகும்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதாகும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை நல்கியவரும் அவரே. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது தமிழ்ச் சமூகம் கதறியது. அக்கதறல் நியாயமானதே. ஆயின், எரிந்த நூலுக்காகக் கண்ணீர் வடிக்கும் சமூகம், எரியாது அடுக்கில் இருந்தும் எவராலும் தீண்டப்படாத நூலைப் பற்றிச் சிந்திக்க வேண்டாவா?

இவ்வலட்சியத்தால் பெரிதும் பாதிக்கப்படுபவர் யாவர்? நகரத்துப் பெரிய கல்லூரியிலிருந்து வருபவர் நூலகப் பழக்கத்துடனேயே வருகின்றார். பூட்டிய அலுமாரி ஒன்றையே நூலகமெனக் கண்ட கிராமத்து மாணவனோ திகைத்து நிற்கின்றான். தூயி தசமப் பகுப்பில் தமிழ்மொழி 494.811 என்ற எண்ணிலும் தமிழிலக்கியம் 894.811 என்ற எண்ணிலும் வெவ்வேறு அடுக்குகளில் அமைகின்றன. இலங்கை வரலாறோ 954.93இல் உள்ளது. யாழ்ப்பாண அரசர் காலத்து இலக்கியத்தை ஆராய்பவன் மூன்றிடத்தும் தேடவேண்டும். இதனை அறியாதவன் ஓரடுக்கைப் பார்த்துவிட்டு, “நூலில்லை” என்று திரும்புகின்றான். பின்னர் விரிவுரைக் குறிப்பின் படியெடுப்பே அவனுக்குத் தஞ்சமாகின்றது. கணினிப் பட்டியல் வந்தமையால் இக்குறை தீர்ந்துவிடவில்லை. எச்சொல்லை இட்டுத் தேடுவது என்று அறியாதவனுக்குக் கணினியும் ஊமையே.

திட்டமிடல் என்பது நேரசூசி வகுத்தல் அன்று. வருபவன் எதை அறிவான், எதை அறியான் என்று முதலில் ஆராய்தல் வேண்டும். பயிற்சியின் முடிவில் அவன் எதைச் செய்யவல்லவனாதல் வேண்டும் என்பதைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். ‘நூலகத்தின் பெருமையை உணர்வான்’ என்பது நோக்கமன்று. ‘தன் கட்டுரைக்கு வேண்டிய ஐந்து நூல்களைப் பிறர் துணையின்றித் தேடி எடுப்பான்’ என்பதே நோக்கம். அப்பயிற்சியும் முதல் வாரத்திலன்றி, முதற் கட்டுரை எழுதும் வேளையில், விரிவுரையாளரும் நூலகரும் இணைந்து, மாணவனின் மொழியிலேயே அளித்தற்குரியது. பசி எடுக்குமுன் பரிமாறிய உணவால் பயனென்ன?

மதிப்பீட்டின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பயிற்சிகளை மதிப்பிட அமெரிக்கரான கேர்க்பற்றிக் 1959இல் நான்கு படிகளை வகுத்தார்: பங்குபற்றியோர் விருப்பு, கற்றது, நடத்தையில் நேர்ந்த மாற்றம், இறுதி விளைவு. “நிகழ்ச்சி நன்றாயிருந்ததா?” என்று வினாத்தாள் கொடுப்போர் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர். ஆறு திங்களின் பின் அம்மாணவரின் கட்டுரைகளை எடுத்து, அவர்கள் எந்நூல்களை ஆண்டுள்ளனர் என்று நோக்குவதே உண்மையான மதிப்பீடு. அதிற் புலப்படும் குறை அடுத்த ஆண்டுத் திட்டத்தை மாற்றாவிடின் அம்மதிப்பீடும் வீணே.

ஆளணி போதாது என்பர் சிலர். போதாமை உண்மையே, எனினும் பயனற்ற சடங்குக்குச் செலவாகும் உழைப்பு அதே ஆளணியின் உழைப்பன்றோ? விரும்பியவன் தானே கற்பான் என்பர் வேறு சிலர். ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றவனுக்கே மேலும் வாய்ப்பளிக்கும் வாதம் இது. இலவசக் கல்வி பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. நூலகத்தின் வாயில் திறந்திருந்தும் அடுக்குகள் மூடியே கிடக்குமாயின், அக்கல்வி பாதி வழியில் நின்றுவிட்டது என்பதே பொருள்.