பாட்டிலில் வருமா தெம்பு?

“உடம்பு ஒரே அசதியாக இருக்கிறது, டாக்டர். ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள், தெம்பு வந்துவிடும்.” எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இந்த வேண்டுகோளைக் கேட்காத நாளே இல்லை. வயல் வேலை முடித்து வரும் மூதாட்டியும் கேட்கிறார். இரவுப் பணி முடித்து வரும் கணினிப் பொறியாளரும் கேட்கிறார். ‘குளுக்கோஸ்’, ‘டிரிப்ஸ்’, ‘சத்து பாட்டில்’ என்று பெயர்தான் மாறுகிறது, நம்பிக்கை ஒன்றே.

அண்மைக் காலத்தில் இந்த நம்பிக்கை புது உடை உடுத்தியிருக்கிறது. பெருநகரங்களில் குளிரூட்டப்பட்ட அறைகளில், மெத்தை நாற்காலிகளில் சாய்ந்தபடி, வைட்டமின் கலந்த திரவத்தை ஏற்றிக்கொள்ளும் நிலையங்கள் தோன்றியுள்ளன. நோய் எதிர்ப்பாற்றல், முகப்பொலிவு, களைப்பு நீக்கம், இளமை என அவை தரும் வாக்குறுதிகள் பல. ஒருமுறைக்கான கட்டணமோ பெரும்பாலும் ஆயிரங்களில். இவற்றைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், எங்கள் கருத்தை இங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறோம். வாயால் உண்ணவும் பருகவும் முடிகிற ஒருவருக்கு, கண்டறியப்பட்ட குறைபாடு எதுவும் இல்லாதபோது, பொது நலத்துக்காகச் சிரைவழித் திரவம் ஏற்றுவது தேவையற்றது. சிலருக்கு அது ஆபத்தானது.

சிரைவழித் திரவத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா பரவியபோது, தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் சிரைகளில் உப்புநீரைச் செலுத்தினார். உயிர் போய்விட்டது என்று கருதப்பட்ட சிலர் கண் விழித்தனர். அன்று தொடங்கிய அந்த முறை இன்று எத்தனையோ உயிர்களைக் காக்கிறது. டெங்குக் காய்ச்சலில் இரத்த அழுத்தம் சரியும்போதும், நிற்காத வாந்தியின்போதும், பெரிய அறுவை சிகிச்சையின்போதும், தீக்காயத்தின்போதும் அது இன்றியமையாதது. ஆனால் அது ஒரு மருந்து. மருந்துக்கு உரிய அளவும் காரணமும் கண்காணிப்பும் அதற்கும் வேண்டும்.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வழக்கமாக ஏற்றப்படும் 5 சதவீத குளுக்கோஸ் திரவத்தில், 500 மில்லிலிட்டருக்கு 25 கிராம் சர்க்கரை உள்ளது. அதாவது சுமார் ஐந்து தேக்கரண்டி. அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 100 கலோரியைத் தாண்டாது. ஏறத்தாழ இரண்டு இட்லிக்குச் சமம். மீதமுள்ளது இரண்டரை டம்ளர் தண்ணீர். சாதாரண உப்புநீர் பாட்டிலாக இருந்தால், அதே 500 மில்லிலிட்டரில் 4.5 கிராம் உப்பு இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தத்துக்காக ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவைக்கும் வீட்டில், ஒரே பாட்டிலில் ஒரு நாள் உப்பு உடலுக்குள் போய்விடுகிறது.

மஞ்சள் நிறப் பாட்டிலைப் பலரும் தனி மதிப்போடு பார்க்கிறார்கள். அந்த நிறம் பெரும்பாலும் ‘பி’ வகை வைட்டமின்களில் ஒன்றான ரைபோஃபிளேவினுடையது. ‘பி’ வகை வைட்டமின்களும் ‘சி’ வைட்டமினும் நீரில் கரைபவை. உடலுக்குத் தேவைக்கு மேல் கிடைத்தால் அவற்றின் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பாட்டில் ஏற்றிய அன்று சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது இதனால்தான். பணம் கொடுத்து வாங்கிய சத்து கழிப்பறை வழியே போகிறது என்பதே அதன் பொருள்.

“ஆனால் ஏற்றிய பிறகு எனக்குத் தெம்பாக இருந்ததே!” என்று நீங்கள் கேட்கலாம். அந்த உணர்வு பொய்யில்லை. ஒரு மணி நேரம் எல்லா வேலைகளையும் விட்டுக் கண்மூடிப் படுத்திருக்கிறோம். அருகில் ஒருவர் அக்கறையோடு அமர்ந்திருக்கிறார். நமக்கு ஏதோ செய்யப்படுகிறது என்ற ஆறுதல் மனத்தில் பரவுகிறது. வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்தவராயின் நீரும் உடலில் சேர்கிறது. இவை அனைத்தும் களைப்பைத் தணிக்கும். இவற்றைப் பெறுவதற்கு ஊசி தேவையில்லை என்பதே எங்கள் வாதம்.

ஊசிக்கு ஒரு விலையும் உண்டு. நம் வயிறும் குடலும் சிறந்த காவலர்கள். வேண்டியதை ஏற்று, வேண்டாததைத் தள்ளுகின்றன. சிரைக்குள் நேரடியாகச் செலுத்தப்படுவது அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறது. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் அழற்சியும் வரலாம். தூய்மை குறைந்தால் கிருமி நேரே இரத்தத்தில் கலக்கலாம். வைட்டமின் ஊசிக்கும் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. மிகையான ‘சி’ வைட்டமின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்களைச் சேர்க்கக்கூடும். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். சில குளுக்கோமீட்டர்களில் அது சர்க்கரை அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டுவதால், நீரிழிவு நோயாளி தேவைக்கு மேல் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் ஆபத்து இன்னும் பெரிது. எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் இரவு மூச்சுத் திணறலோடு ஒரு மூதாட்டி கொண்டுவரப்பட்டார். இதய நோய்க்கு மாத்திரை உண்டுவந்தவர். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகன் கவலைப்பட்டு, பகலில் வேறோரிடத்தில் இரண்டு பாட்டில் ஏற்ற வைத்திருக்கிறார். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் தேங்கிவிட்டது. மூதாட்டி பிழைத்துக்கொண்டார். “நல்லது என்றுதானே செய்தேன்” என்று அந்த மகன் விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் செய்தது பாசத்தால்தான். அந்தப் பாசத்துக்குச் சரியான வழியைக் காட்டவே இதை எழுதுகிறோம்.

சிறுநீரக நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மேலும் ஒரு செய்தி. நாளை டயாலிசிஸ் தேவைப்பட்டால், முன்கையின் சிரையைத் தமனியோடு இணைத்து ஃபிஸ்டுலா அமைக்க வேண்டியிருக்கும். தேவையற்ற பாட்டில்களுக்காகத் திரும்பத் திரும்பக் குத்தப்பட்ட சிரைகள் அதற்குப் பயன்படாமல் போகலாம். அந்தச் சிரைகள் அவர்களுடைய சேமிப்பு. வீணாகச் செலவிட வேண்டாம்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது, பாட்டில் நோயை மறைத்துவிடுவதுதான். அசதி என்பது ஒரு நோயன்று. உள்ளே ஏதோ சரியில்லை என்று உடல் அடிக்கும் மணி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. அவர்களுக்கு வேண்டியது குளுக்கோஸ் அன்று, இரும்புச்சத்து. அது குறைந்ததற்கான காரணத்தைக் கண்டறிவதும் வேண்டும். தைராய்டுக் குறை, கட்டுப்படாத சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவையும் அசதியாகவே தலைகாட்டும். மாதம் ஒரு பாட்டில் என்று ஓட்டிக்கொண்டிருந்தால், கண்டறிய வேண்டிய காலம் கைநழுவிப் போகும். குறைபாடு உறுதியானால் நாங்களே ஊசியும் தருவோம். பி12 உறிஞ்சப்படாதவருக்கு அந்த ஊசியும், மாத்திரை ஒத்துக்கொள்ளாத இரத்தசோகைக்குச் சிரைவழி இரும்புச்சத்தும் முறையான சிகிச்சைகளே.

நீரிழப்புக்கும் எளிய வழி உண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது, பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழித் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். உறவினர்களே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த முகாமில் முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை இருக்கும்போது குடல் உப்பையும் நீரையும் விரைந்து உறிஞ்சும் என்பதே இதன் அறிவியல். மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த அறிவின் பயன். வயிற்றுப்போக்கில் அது மருந்து. வெயிலில் வாடிய உடலுக்கு நீர்மோரும் கஞ்சித் தண்ணீரும்கூடப் போதும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது, ‘வேண்டாம்’ என்று பத்து நிமிடம் விளக்குவதைவிடப் பாட்டிலை மாட்டிவிடுவது எளிது. ‘ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்’ என்ற பேச்சுக்கு அஞ்சியும் மருத்துவத் துறையினர் பலர் இணங்கியிருக்கிறார்கள். மக்களிடம் இந்தப் பழக்கம் வளர்ந்ததில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. அதை மாற்றும் கடமையும் எங்களுக்கு உண்டு.

இறுதியாக, மிகக் கடினமான ஒன்று. வாழ்வின் கடைசி நாட்களில் உணவை மறுக்கும் பெற்றோரைப் பார்த்து, “ஒரு பாட்டிலாவது ஏற்றுங்கள், பட்டினியாக விட்டோம் என்ற பழி வேண்டாம்” என்று கலங்குகிறார்கள் பிள்ளைகள். அந்த நிலையில் உடல் தானாகவே உணவைக் குறைத்துக்கொள்கிறது. வலிந்து ஏற்றும் நீர், கைகால் வீக்கமாகவும் மூச்சில் சளியாகவும் மாறித் துன்பத்தைக் கூட்டக்கூடும். உலர்ந்த உதட்டை ஈரத்துணியால் நனைப்பதும், விரும்பினால் ஒரு கரண்டி நீர் தருவதும், கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருப்பதும் சிகிச்சையே. அங்கே யாரும் யாரையும் பட்டினி போடவில்லை.

அடுத்த முறை எவரேனும் பாட்டில் ஏற்றலாம் என்று சொன்னால், அது எங்கள் மருத்துவமனையாகவே இருந்தாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தக் குறைக்காக இது? பாட்டிலில் என்னென்ன கலந்திருக்கிறது? வாய்வழியே கொடுத்தால் போதாதா? என் இதயம், சிறுநீரகம், சர்க்கரை ஆகியவற்றை அறிந்துதான் முடிவெடுத்தீர்களா? விடை தெளிவாக இருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தெளிவில்லையென்றால், அசதிக்கான காரணத்தைத் தேடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பொறுமையோடு விடை சொல்வது எங்கள் பணி.