பெற்றவள் எங்கே போனாள்?

குழந்தை குழியில் விழுந்து செத்தால் ஊர் உடனே கேட்கிறது: "பெற்றவள் எங்கே போனாள்?" எங்கே போவாள் தோழர்களே? சாந்துச் சட்டி சுமக்கப் போனாள். களை பறிக்கப் போனாள்.

கோவிலம்பாக்கம் பக்கம் வந்து பாருங்கள். வயலாக இருந்த இடத்தில் மாடிக் கட்டிடம் எழும்புகிறது. அஸ்திவாரக் குழியில் மழைத் தண்ணீர். சம்ப்புக்கு மூடி இல்லை. பக்கத்து மணல்மேட்டில் சித்தாளின் குழந்தை விளையாடுகிறது. நடை பழகும் குழந்தைக்கு முழங்காலளவுத் தண்ணீரே எமன். சத்தம்கூட வராது.

50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டுக் கட்டிடத் தொழிலாளர் சட்டம். பத்துச் சித்தாள் வேலை செய்யும் இடத்துக் குழந்தை குழந்தை இல்லையா?

வயற்காட்டிலும் இதே கதைதான். உபயோகமற்ற ஆழ்துளைக் கிணற்றை மண்ணும் கல்லும் போட்டு மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2010-லேயே உத்தரவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பாலகன் அப்படியொரு கிணற்றில் விழுந்தான். மூன்று நாளுக்கு மேல் தமிழகமே காத்திருந்தது, பிணம்தான் வந்தது. மீட்க வந்த யந்திரங்களுக்கு ஆன செலவில் எத்தனை கிணறுகளை மூடியிருக்கலாம்!

வங்காள தேசத்துக் கிராமங்களில் ஒரு வழி கண்டார்கள். தாய்மார் வேலையாயிருக்கும் காலை 9 முதல் 1 மணி வரை, ஊர்ப் பெண் ஒருத்தியே சிறு குழந்தைகளை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கிறாள். குளத்தில் மூழ்கும் சாவு வெகுவாகக் குறைந்தது. நமது அங்கன்வாடியோ வேலை முடியுமுன் பூட்டிவிடுகிறது. ஆறு மணி வரை திறந்து வைக்கச் சொல்லி சர்க்காரைக் கேட்போம். குழிக்கு வேலியும் சம்ப்புக்கு மூடியும் போடாதவரை சட்டியைத் தூக்கமாட்டோம் என்று காண்டிராக்டரிடம் சொல்வோம்.