பேட்டரி போச்சுன்னு சொல்லாதீங்க

"அதை ஏன் சித்தப்பா இன்னும் நோண்டிக்கிட்டு இருக்கீங்க? இந்த மாதிரி மெஷின் ஒரு வருசம் ஓடினாலே லாபம். தூக்கிப் போட்டுட்டு வேற ஆர்டர் பண்ணிடலாம்."

போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் சொன்னது. பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். விட்டதை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். நகரத்தில் இருந்து படிக்கிறவங்க கோவிச்சுக்க வேண்டாம், பாதித் திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

மெஷின் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கையில் பிடிக்கிற பேட்டரி புல் கத்திரி. சின்னப் புல்வெளி வைத்திருக்கிற வீடுகளுக்காகச் செய்தது. முன்பக்கம் சீப்பு மாதிரிப் பல் வைத்த இரண்டு பிளேடு, ஒன்றின் மேல் ஒன்று. கீழ்ப் பிளேடு அசையாது, மேல் பிளேடு இடமும் வலமுமாக ஓடும். சலூனில் முடி வெட்டுகிற மெஷின் எப்படியோ அப்படித்தான். போன வருசம் பொங்கலுக்கு அவன்தான் வாங்கிக்கொண்டு வந்தான். விளையாட்டுச் சாமான் என்று நான் பரண்மேல் போட்டுவிட்டேன். எடுத்துப் பழகியது அம்மா.

அம்மாவுக்கு வயசு 70. வலது மணிக்கட்டில் வலி வந்த பிறகு கருக்கருவாளைப் பிடித்து இழுத்து அறுக்க முடியவில்லை. தென்னைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் ஓரமெல்லாம் அருகம்புல் ஏறிக் கிடக்கும். பெட்ரோல் பிரஷ் கட்டரை அங்கே கொண்டுபோனால் புல்லோடு குழாயும் சேர்ந்து போகும், நானே மூன்று இடத்தில் அறுத்து ஜாயின்ட் போட்டிருக்கிறேன். நைலான் நரம்பு போட்டு ஓட்டினால் அது தேய்ந்து துணுக்குத் துணுக்காகப் புல்லிலேயே விழும். அதை ஆட்டுக்குப் போட மனசு வராது. அம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குழாயைக் கையால் நகர்த்திவிட்டு, இந்தக் கத்திரியில் அறுத்துக்கொண்டே போவார். சாயங்காலம் ஒரு கூடைப் புல் சேர்ந்துவிடும். அது அவருடைய இரண்டு வெள்ளாட்டுக் குட்டிக்கு. யாரையும் எதிர்பார்க்காமல் தன் குட்டிக்குத் தானே தீனி போடுவதில் அவருக்கு ஒரு மிடுக்கு.

ஐப்பசியில் மெஷின் நின்றது. சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். நாலாவது நாள் அம்மா, "குட்டிய வித்துரலாம்டா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பேரெல்லாம் வேண்டாம். கையில் வாங்கிப் பார்த்த ஆள் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. "பேட்டரி போச்சுங்க. உள்ளயே வெச்சுச் செஞ்சது, தனியா வராது. இந்த மாடலே நின்னுபோச்சு" என்றார். மாத்திரைச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் நாடியாவது பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். சாதாரணத் திருப்புளி சேராது, நட்சத்திரக் குழி வைத்த ஸ்க்ரூ. புல்லும் மண்ணும் தின்கிற ஒரு சாமானை யாரும் திறந்துவிடக் கூடாது என்று எவ்வளவு அக்கறை பாருங்கள். அதற்கான பிட் ஒன்று வாங்கித்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒரு மோட்டார், இரண்டு பல்சக்கரம், இரண்டு லித்தியம் செல். அதே 18650 செல்தான், 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம். பழைய லேப்டாப் பேட்டரி, எமர்ஜென்சி லைட் எல்லாவற்றிலும் இருப்பது. தனியா வராதாம்!

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நிறைந்த செல் 4.2 வோல்ட் காட்ட வேண்டும், 3 வோல்ட்டுக்குக் கிட்டே வந்தால் காலி என்று அர்த்தம். ஒன்று 3.5 இருந்தது. இன்னொன்று 1.8. அவ்வளவு கீழே இறங்கிய செல்லுக்கு மின்சாரம் ஏற்றக் கூடாது என்று உள்ளே இருக்கும் சின்ன போர்டு தடுத்துவிட்டது. போர்டு போகவில்லை, போர்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

சரி, பேட்டரிதானே போச்சு, கடைக்காரர் சொன்னது சரிதானே என்பீர்கள். இங்கேதான் எனக்குச் சண்டை. பேட்டரி தானாகச் சாகவில்லை. கொன்றது பிளேடு. பிளேடைப் பார்க்காத குற்றவாளி நான்.

அறுத்த புல்லின் சாறு பிளேடில் ஒட்டிக் காய்ந்து தார் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. கூர் மழுங்கிவிட்டது. இரண்டு பிளேடையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்க்ரூக்கள் அதிர்ந்து அதிர்ந்து லூசாகி, நடுவில் சந்து விழுந்திருந்தது. கத்திரிக்கோலில் மறை லூசானால் துணி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போகுமே, அதே கதைதான். புல் மடிந்து சந்துக்குள் சிக்குகிறது. மோட்டார் திணறுகிறது. திணறும் மோட்டார் இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கிறது, செல் சுடுகிறது. அம்மா சொல்லத்தான் செய்தார், "முன்ன மாதிரி ரொம்ப நேரம் ஓட மாட்டேங்குது" என்று. நானும் கடைக்காரர் மாதிரியே பேட்டரி வீக்காயிடுச்சு என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே பிளேடைக் கழற்றித் துடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த பாவம், சார்ஜ் போட்ட இடம். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்குமேல் சார்ஜ் போடக் கூடாது. சித்திரை மத்தியானம் அந்த ரூமுக்குள் ஆளே நிற்க முடியாது. வேலை முடிந்த சூட்டோடு அங்கே மாட்டிவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவோம். பிறகு ஆடியில் கொஞ்சநாள் புல் இல்லை என்று காலி பேட்டரியோடு இரண்டு மாதம் தொங்கவிட்டேன். சும்மா கிடந்தாலும் அந்த போர்டு துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலியானதிலிருந்து உறிஞ்சினால் 1.8 வோல்ட்டுக்கு வராமல் என்ன செய்யும்? கொஞ்சநாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வீட்டுக்குள் நிழலில் வைத்துவிட வேண்டும். மாதம் ஒருதடவை எட்டிப் பார்த்தால் போதும்.

இதே நான், கருக்கருவாளை வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எரவாணத்தில் செருகாமல் ஒருநாளும் விட்டதில்லை. மண்வெட்டியைச் சேற்றோடு வைத்தால் எங்க அப்பா அறைவார். பட்டன் இருக்கிற சாமான் என்றால் மட்டும் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் எப்படி வந்தது? (அம்மா முதல் வாரமே பழக்கதோஷத்தில் மெஷினை அருவா மாதிரி தண்ணித் தொட்டியில் முக்கப் போனார். நல்லவேளை பார்த்தேன். இதைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், காய்ந்த துணி, இது போதும்.)

பிளேடைத் தீட்டுவதும் பெரிய வித்தை இல்லை. கழற்றும்போது சுவிட்சில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பேட்டரி தனியாக வருகிற மாடல் என்றால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். சாய்வாக இருக்கிற பக்கத்தை மட்டும், அந்தச் சாய்வு மாறாமல், சின்ன அரத்தால் ஒரே திசையில் நாலைந்து இழுப்பு. ஒன்றோடொன்று உரசுகிற தட்டைப் பக்கத்தில் அரம் படவே கூடாது, பட்டால் சந்து விழும். அந்தப் பக்கம் எழும்பும் பிசிரை மட்டும் எண்ணெய்க் கல்லில் படுக்கவைத்து லேசாக எடுத்தால் போதும். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முறுக்கித் தள்ளினாலும் ஆகாது. விரலில் துணி சுற்றி மேல் பிளேடைத் தள்ளினால் நகர வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். பத்து நிமிசம்.

செல்லை மட்டும் நான் தொடவில்லை. இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துச் செத்த செல்லை எழுப்பலாம் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீங்க. அவ்வளவு கீழே இறங்கிக் கிடந்த செல்லுக்குள் தாமிரம் கரைந்திருக்கும், திரும்ப ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். கோபியில் பேட்டரி வண்டிகளுக்கு செல் கட்டித் தருகிற ஒரு தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு செல்லையும் ஒரே மாதிரிப் புதுசாக மாற்றி, 600 ரூபாய்க்குள் முடித்துக் கொடுத்தார். பழைய செல் இரண்டையும் அவரிடமே விட்டு வந்தேன். ஊரில் குப்பையைக் கூட்டி எரிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதில் இது விழுந்தால் வெடிக்கும்.

இப்போது செய்கிறவர்கள் பக்கம் வருகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வைத்திருக்கும் பேட்டரி கட்டரில் பெரிய எழுத்தில் 48 என்று ஸ்டிக்கர். அதுவும் நின்றுபோய் திறந்து பார்த்தால், உள்ளே வரிசைக்கு ஐந்து செல். ஐந்தை 4.2-ஆல் பெருக்கினால் 21 வோல்ட், கணக்கு முடிந்தது. 48 எங்கிருந்து வந்தது? ஸ்டிக்கர் கடையிலிருந்து வந்தது. 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று தனித்தனியாக விற்கிறார்களே, அவற்றிலும் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான். ஆனால் ஒருத்தர் பேட்டரி இன்னொருத்தர் மெஷினில் உட்காராதபடி காடியை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வண்டி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது. அதே வருசம் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கிற பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கிறது. நல்லதுதான். எனக்கு வேண்டியது ஒரு ஜோடி பிளேடு.

அது கிடைக்காததற்கு நீங்களும் ஒரு காரணம், சொல்லிவிடுகிறேன். மெஷின் வாங்கும்போது எத்தனை நிமிசம் ஓடும், எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறீர்கள். "பிளேடு தனியா கிடைக்குமா, பேட்டரி கழற்ற வருமா" என்று எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? 4,000 ரூபாய் உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் செலவாக இருக்கலாம். போனால் போகட்டும் என்று நீங்கள் வாங்க வாங்க, போகிற மாதிரியே செய்து அனுப்புகிறார்கள். அந்தச் சாமான் கடைசியில் எங்க தோட்டத்துக்கும் வந்து சேருகிறது.

மெஷின் இப்போது ஓடுகிறது. குட்டி இரண்டும் விற்காமல் இருக்கின்றன. ஆனால் கல்லில் பட்டு மேல் பிளேடில் இரண்டு பல் போய்விட்டது. தேடாத இடமில்லை, அளவு சேரவில்லை. நேற்று எங்க ஊர் ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது வெறும் தகடுங்க, இதுல என்னத்தக் கருக்கு வெக்கறது. பழைய ரம்பத் தகடு ஒண்ணு கெடக்குது, அதுல வெட்டிப் பாக்கலாம். வெள்ளிக்கிழமை வாங்க" என்றிருக்கிறார். அம்மா இன்றைக்கே போகச் சொல்கிறார்.