மங்கலாக்கப்பட்ட பின்னணி

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஓஎம்ஆர் ஐடி ஊழியர்களைச் சந்தித்து வருகிறேன். ஒரு தோழர் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவருடைய குழு மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கிறது. தினசரிக் கூட்டம் கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணிக்கு. கோடையில் நமக்கு அது இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அதனால் வீட்டிலிருந்துதான் கேமரா முன் உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் சுவரில் அண்ணல் அம்பேத்கர் படம். "அது யாரு ப்ரோ, உங்க தாத்தாவா?" என்று ஒருவர் கேட்டுச் சிரித்திருக்கிறார். சிரித்தவர் அமெரிக்கர் அல்ல. மறுநாள் தோழர் பின்னணியை மங்கலாக்கினார், சில வாரங்களில் கேமராவையே அணைத்துவிட்டார். ஆண்டு மதிப்பீட்டில் 'கூட்டங்களில் ஈடுபாடு குறைவு' என்று வந்தது. ஊதிய உயர்வும் குறைந்தது.

அதை எழுதிய வெளிநாட்டு மேலாளருக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது. சிக்கலே அங்குதான். பன்னாட்டுக் குழுக்களை நடத்துவது பற்றிய பயிற்சிகளில் நேர வேறுபாடும் 'பண்பாட்டு வேறுபாடும்' பேசப்படுகின்றன. அவற்றில் இந்தியா ஒரே பண்பாடு. யாரை ஆன்சைட் அனுப்புவது, யார் கிளையண்டிடம் பேசுவது, யாருக்குப் புது மாட்யூல், யாருக்குக் காலமெல்லாம் பழைய பிழைகளைத் திருத்தும் வேலை என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கத்து லீட் முடிவு செய்கிறார். அந்தப் பக்கம் தெரிவது முடித்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கை மட்டும்.

பெயர் இன்னொரு தொல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. நாம் இனிஷியலோடு நிற்கிறோம். நிறுவனப் படிவமோ 'கடைசிப் பெயர்' கேட்கிறது, அப்பா பெயரைப் போடுகிறோம். "அது சரி, சர்நேம் என்ன?" என்று வேறு மாநிலத்து லீட் விடாமல் கேட்கிறார். எதற்குக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியாதா?

2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னிய அரசுத் துறை வழக்குத் தொடுத்தபோதுதான் உலகம் இதைக் கொஞ்சம் கவனித்தது. தலித் பொறியாளர் ஒருவரை இந்திய மேலாளர்கள் பாகுபாட்டுடன் நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு, நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிபோர்னிய ஆளுநர் நியூசம், இருக்கும் சட்டங்களே போதும் என்று அதே நோக்கிலான மசோதாவைத் திருப்பி அனுப்பினார்.

அங்கே விவாதமாவது நடந்தது. இங்கே தனியார் வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க 2013 சட்டப்படி வெளி உறுப்பினரோடு உள்ளகக் குழு வேண்டும். சாதிக்கு அப்படி ஒரு குழு கட்டாயமில்லை. ஆன்சைட் தேர்வின் அளவுகோலை எழுத்தில் வெளியிடுங்கள், வேலைப் பங்கீட்டை லீட் ஒருவரிடமே விடாதீர்கள், அமெரிக்க அலுவலகத்துக்கு எழுதும் பாகுபாட்டு விதியில் மட்டுமல்ல, சென்னை அலுவலகத்துக்கான விதியிலும் 'சாதி' என்ற சொல்லை எழுதுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். பெரிய செலவில்லாத கோரிக்கைகள்தாம் இவை.

தோழர் இதுவரை புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது முதலில் போவது, அன்று அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்ட லீடின் மேசைக்கு.