தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே

நெய்வேலி நகரியத்தில் உத்தியோகஸ்தர் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெற்று, பல்லாண்டுகள் குடியிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வேறூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும்போது, கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிட, தோட்டத்தில் வளர்ந்த நாய்க்கு மட்டும் அந்தப் புது வாசஸ்தலத்தில் இடமில்லாமற் போவதுண்டு. நேற்றுவரை பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஜீவன் இன்று தெருநாய் என்று கணக்கில் சேருகிறது.

பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றந்தான்; ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் கொண்டுவந்த மசோதாவே அச்சட்டத்துக்கு வித்து. ஆயினும் முதற் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையில்தான். 2025 ஆகஸ்டு 22-இல் தெருநாய்கள் பற்றித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விரும்பியவர்கள் அவற்றைச் சுவீகரிக்கலாம் என்று அனுமதித்து, அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பென்றும் சொல்லியது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அன்பு மட்டும் போதாது, நாய்க்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும் என்பதும், அதை அளிக்கத் தற்காலிக வளர்ப்பு இல்லங்கள் வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

அத்தகைய இல்லத்துக்கு வந்த நாயை முதல் சில தினங்கள் சும்மா விட்டுவிடுவதே உத்தமம். பயத்தால் மூலையில் ஒடுங்கியிருப்பதைத் தொட்டுக் கொஞ்சாமல், குறித்த வேளையில் சோறும் குறித்த வேளையில் வெளியே போக்கும் என்ற நியமத்தை மட்டும் தவறாமல் நடத்திவந்தால், அடுத்து என்ன நேரும் என்று அறிந்த நிம்மதியில் அதுவே நெருங்கி வரும். பிறகு கழுத்துப்பட்டை, கயிறு, வாசல் மணி, குழந்தைகளின் கூச்சல், ஷிப்டுக்குப் போனவர் திரும்பும்வரை தனித்திருத்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக, நிமிஷக் கணக்கில் தொடங்கிப் பழக்க வேண்டும். சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்தால் அதற்கு விஷயம் விளங்கிவிடுகிறது. அடிப்பது கூடவே கூடாது. உறுமியதற்காக அடிபட்ட நாய் பயத்தை விட்டுவிடுவதில்லை; உறுமுவதை மட்டும் விட்டுவிட்டு, மறுமுறை முன்னறிவிப்பின்றியே கடிக்கிறது. அதனால் வீட்டாருக்கும் அபாயம், நாய்க்கும் மறுபடி தெரு.

இந்தப் பிரயாசைக்கு நெய்வேலியைப்போல் வாய்ப்பான ஊர்கள் குறைவு. வட்டங்களாகப் பிரிந்த குடியிருப்பு, நிழல் மரங்கள் அடர்ந்த சாலைகள், வீட்டைச் சுற்றித் தோட்டம், பகற்பொழுதில் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லாம் இங்கே உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த ஒரு நாயைச் சில மாதம் பேணிச் சுவீகாரத்துக்குத் தயார் செய்ய மனமுள்ள குடும்பம் வட்டத்துக்கு ஒன்று முன்வந்தாலும் நிலைமை மாறும். அவர்கள், கொண்டுபோகிறவரிடம் நாயின் சுபாவத்தை, பட்டாசுக்கு நடுங்கும் என்பதையும் பூனையைத் துரத்தும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, ஒத்துவராவிட்டால் தங்களிடமே திரும்பக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

நகரிய நிர்வாகமும் ஒன்று செய்யலாம். ஓய்வுபெறும் நாள் முன்பே தெரிந்ததுதான்; ஆறு மாதத்துக்கு முன்னரே, வீட்டில் நாய் உண்டா, அது யாரிடம் போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கினால், அதற்கு இடந்தேடவும் பழக்கவும் போதிய அவகாசம் கிடைக்கும்.