மொட்டை மாடிக் காவல்

வீட்டு வேலைகளைப் பட்டியல் போட்டுத் தரும்படி யாராவது கேட்டால் சமைத்தல், துவைத்தல், பெருக்குதல், பாத்திரம் துலக்குதல் என்று விரல் விட்டு எண்ணி முடித்துவிடுவோம். அந்தப் பட்டியலில் இடம் பெறாத வேலை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. 'பார்த்துக்கொண்டிருத்தல்' என்பது அதன் பெயர். அடுப்பில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; வெயிலில் காயும் வடாத்தைக் காக்கை கொத்தாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; மோட்டாரைப் போட்டால் மாடித் தொட்டி வழியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைச் செய்கிறவர் வேலை செய்வதாக யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு நாள் தவறினால் மட்டும் வீடு முழுவதும் கூடி, "யாருமே பார்க்கவில்லையா?" என்று விசாரணை நடத்தும்.

நம் வீட்டில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் பல வருஷங்களாக நம் தாயாருடையது. நியமன உத்தரவு கிடையாது, சம்பளமும் கிடையாது. காலை 5.30 மணிக்கு மோட்டாரைப் போடுவார். 20 நிமிஷம் கழித்து 32 படிகள் ஏறி மொட்டை மாடிக்குச் செல்வார். தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு சாண் இருக்கிறது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அங்கேயே காத்து நிற்பார். மாலையில் மறுபடியும் ஒரு யாத்திரை. 73 வயதில் இது வேண்டாமே என்று நாம் சொன்னதுண்டு. சொன்னதோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

தண்ணீர் விஷயத்தில் தாயாருக்கு இருந்த கண்டிப்பைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயில் ஏறி வந்தபோது, அரசர்கள் வருவதைப் பார்ப்பதுபோல் ஜனங்கள் பார்த்தார்கள். அந்தக் கோடையில் குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றவர்களுக்கு, தொட்டி வழிந்து தெருவில் ஓடும் தண்ணீரைக் கண்டால் நெஞ்சு பதைக்கத்தான் செய்யும்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள், ஈரப் படியில் தாயாரின் கால் வழுக்கிவிட்டது. பதினான்காவது படி. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். கட்டோடு கட்டிலில் படுத்தபடியே அவர் முதலில் கேட்ட கேள்வி, "மோட்டாரை யாராவது அணைத்தீர்களா?" என்பதுதான்.

அன்று இரவு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் பெண் தன் பள்ளிக்கூடப் பெட்டியைத் திறந்தாள். "பாட்டி, இனிமேல் நீங்கள் மாடி ஏற வேண்டாம். தொட்டியைப் பார்க்க ஒரு ரோபோ செய்து தருகிறேன்" என்றாள். கை கால் முளைத்த தகர மனிதன் ஒருவன் மாடிப்படி ஏறுவதாகத் தாயார் கற்பனை செய்துகொண்டார் போலும். "அவனும் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது?" என்று கேட்டார்.

'ரோபோ' என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில் அது பிறந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாயத்தின் பேரில் கூலியின்றிச் செய்யும் ஊழியம். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'வெட்டி' என்று வருகிறதே, கிட்டத்தட்ட அதே பொருள். அந்த அர்த்தத்தில் பார்த்தால் நம் வீட்டில் ரோபோ வேலையை இத்தனை வருஷமாகச் செய்து வந்தவர் யார் என்று நாம் நினைத்துப் பார்த்தோம். நினைப்பு அவ்வளவு சுகமாக இல்லை.

பார்க்கும் வேலையை யந்திரத்தின் தலையில் கட்டும் ஆசை பெரிய பண்டிதர்களுக்கும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணினி ஆய்வுக்கூடத்தில், 'ட்ரோஜன் அறை' என்ற இடத்தருகே ஒரு காப்பிப் பாத்திரம் இருந்தது. பல அறைகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் மாடி இறங்கி, ஏறி வந்து பார்த்தால் பெரும்பாலும் பாத்திரம் காலி! 1991-இல் அவர்கள் ஒரு காமிராவைப் பாத்திரத்துக்கு எதிரே நிறுத்தி, அதன் படம் தங்கள் மேஜைக் கணினியில் தெரியும்படி செய்துகொண்டார்கள். 1993-இல் அந்தப் படம் இணையத்தில் ஏறியது. உலகமெல்லாம் அந்தக் காப்பியின் மட்டத்தைக் கவனித்தது. 2001-இல் காமிராவை அணைத்தபோது பழைய பாத்திரம் 3,350 பவுனுக்கு ஏலம் போயிற்று. காப்பிக்காக மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு நம் தஞ்சாவூர் ஜில்லாவில் சாட்சி தேட வேண்டியதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

நம் பெண் செய்த பெட்டி அதைவிட எளியது. அதன் மூளை, 'ஆர்டுயினோ' என்ற உள்ளங்கை அளவுப் பலகை. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்து வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில், மின்னணு சாஸ்திரம் படிக்காத மாணவர்களும் பழகும்படி உண்டாக்கப்பட்டது. அந்த ஊரில் அவர்கள் கூடும் மதுக்கடையின் பெயரே பலகைக்கு வந்தது. கடைக்கோ, 1002-இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்டுயின் என்பவனுடைய பெயர். ராஜா பெயர் கடைக்கு வந்து, கடையின் பெயர் பலகைக்கு வந்து, பலகை நம் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தது.

மூளைக்குக் கண்ணாக இருப்பது ஒரு சிறு கருவி. உண்மையில் அது கண் அல்ல, காது. வௌவால் இருட்டில் வழி காண்பதுபோல், விநாடிக்கு 40,000 அதிர்வுள்ள ஒலியை எழுப்புகிறது. மனிதர் காது 20,000-க்கு மேல் கேட்காதாகையால் நமக்குத் தொந்தரவில்லை. ஒலி தண்ணீரில் மோதித் திரும்பி வரும் நேரத்தைப் பலகை அளக்கிறது. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் எதிரொலி வர ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஆறு பங்குகூட ஆவதில்லை. போகவும் வரவும் ஆன நேரமாகையால் பாதியாக்கி, ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருளைத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 8 லிட்டர். பிறகு வெறும் வாய்ப்பாடுதான்.

மார்கழி விடுமுறையில் பெட்டி தயாராயிற்று. தொட்டி மூடியின் உட்புறத்தில் காது. கூடத்தில், மோட்டார் ஸ்விச்சுக்கு அருகே எண் காட்டும் சிறு திரை. 100-ஐ நெருங்கினால் மணி அடிக்கும். மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் மனிதர் கையிலேயே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பலகை ஓடுவது 5 வோல்டில். மோட்டார் ஓடுவது 230 வோல்டில். பின்னதில் குழந்தைகள் கை வைக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள மின்சாரத் தொழிலாளியின் காரியம் அது.

இரண்டு வாரம் எல்லாம் பிரமாதமாக நடந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டியைக் காட்டினோம். அப்புறம், தை மாதத்தில் ஒரு நாள் மாலை, தாயார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "குழாயின் சத்தம் மெலிந்திருக்கிறது. தொட்டி தாழ்ந்திருக்கிறதடா."

நாம் திரையைப் பார்த்தோம். 97 என்றிருந்தது. "பெட்டி நிறைந்திருக்கிறது என்கிறது, அம்மா" என்றோம்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியுமுன், மாடிக் கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்டு விழித்துக்கொண்டோம். ஓடிப்போய்ப் பார்த்தால், இருட்டில், கட்டுப் பிரித்து ஒன்றரை மாதம்கூட ஆகாத கையால் சுவரைப் பற்றிக்கொண்டு, தாயார் மாடிக்கு ஏறி முடித்திருந்தார். மூடியைத் தூக்கி, "அடியில் நாலு விரற்கடை தண்ணீர்தான் இருக்கிறது" என்றார். குரலில் கோபமோ வெற்றியோ இல்லை. நமக்குத்தான் தலை நிமிரவில்லை. அவரைப் படி ஏறவிடாமல் தடுப்பதற்காகச் செய்த பெட்டி, அவரைத் தனியாக இருட்டில் படி ஏற வைத்துவிட்டது. பெட்டி என்று சொல்வதும் சரியல்ல. பெட்டியின் பேச்சைக் கேட்டு அவர் பேச்சைத் தள்ளிய நாம் ஏற வைத்தோம்.

நம் பெண் அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கருவியைக் கழற்றிப் பார்த்தாள். தை மாதக் குளிரில் மூடியின் அடியில் நீராவி படிந்து, கருவியின் முகத்திலேயே துளிகள் திரண்டிருந்தன. தன் முகத்து நீரைத் தொட்டியின் நீர் என்று எண்ணிக்கொண்டு, 'தண்ணீர் இதோ பக்கத்தில் இருக்கிறது' என்று அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. "அது பொய் சொல்லவில்லை, அப்பா. அதற்குக் கண் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத்தான் நான் அதற்குக் கற்றுக் கொடுக்கவில்லை" என்றாள். இந்த வாக்கியத்தைப் பெரியவர்கள் பலரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பெட்டி பங்குனியில் பிறந்தது. ஈரம் புகாத கருவியாக வாங்கினாள். அந்த வகை, தன் முகத்துக்கு 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதைச் சரியாக அறியாது. ஆகையால் மூடிக்குமேல் ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, அதன் உச்சியில் பொருத்தினாள். ஒரு தடவை அளந்து நம்பாமல், ஐந்து தடவை அளந்து நடு எண்ணை எடுக்கச் சொன்னாள். வெப்பத்தையும் கணக்கில் சேர்த்தாள்: 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி, 45 டிகிரியில் சுமார் 358 மீட்டர் செல்லும். இதைக் கவனிக்காவிட்டால் ஒரு மீட்டர் ஆழத்தில் 4 சென்டிமீட்டர் பிசகி, இல்லாத 30 லிட்டர் தண்ணீரை இருப்பதாகப் பெட்டி சொல்லும்.

இவையெல்லாம் சாமர்த்தியங்கள். நமக்கு முக்கியமாகப் பட்டவை வேறு மூன்று. ஆறு பேர் புழங்கும் வீட்டில் பகல் வேளையில் மூன்று மணி நேரம் எண் அசையாமல் இருந்தால், பெட்டி எண்ணை அழித்துவிட்டு 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுத வேண்டும். மாடியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை செய்தி வராவிட்டால், அந்த மௌனத்தையே அபாயமாகக் கொண்டு மணி அடிக்க வேண்டும். தொட்டியில் பழைய முறை மிதவை ஸ்விச்சு ஒன்றும் தனியாக மிதக்க வேண்டும். பெட்டியும் மிதவையும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால், இரண்டையும் நம்பாமல் வீட்டு மனிதர்—அதாவது நாம்—மாடி ஏறிப் பார்க்க வேண்டும்.

கடையில் இதற்கென்று தயாரான கருவிகள் விற்கின்றன. வாங்கி மாட்டினால் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கிய கருவி எங்கே குருடாகும் என்பது நமக்குத் தெரியாது; செய்த கருவி குருடான இடம் நம் வீட்டில் குழந்தை முதல் பாட்டி வரையில் எல்லோருக்கும் தெரியும். பழைய நாளில் ஏரிப் பாசனமுள்ள கிராமங்களில் 'நீர்க்கட்டி' என்று ஒருவர் இருந்தார். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவர் தொழில். அதற்காக அறுவடையில் அவருக்குப் பங்கு அளந்தார்கள். பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலை என்பதை அந்த ஊர்க்காரர்கள் அறிந்திருந்தார்கள். நாம் அதை ஒரு முறிந்த மணிக்கட்டும் ஒரு வறண்ட தொட்டியும் கொடுத்து அறிந்துகொண்டோம்.

இப்போது தினமும் மாலையில் தாயார் குழாயைத் திறந்து ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு பேத்தியிடம், "உன் பெட்டிக்கு இன்றைக்குக் கண் தெரிகிறதா?" என்று விசாரிக்கிறார். அவர் சொல்லும் அளவும் திரையின் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத நாளில் படி ஏறுகிறவர்கள் நாம்.

சித்திரை வெயிலில் வடாம் பிழிந்தபோது, அதைக் காவல் காக்கவும் ஒரு பெட்டி செய்து, காக்கை வந்தால் மணி அடிக்கச் சொல்லலாம் என்று நம் பெண் உற்சாகமாகச் சொன்னாள். தாயார் கண்டிப்பாக மறுத்துவிட்டார். காலை இளவெயிலில், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி, கூரை நிழலில் நாற்காலி போட்டு, கையில் குச்சியுடன் உட்கார்ந்தார். "அந்த வேலையை ஒரு பெட்டிக்கும் கொடுக்காதே, குழந்தே. அது எனக்குப் பிடித்த வேலை" என்றார்.